ராக்கெட்டில் ஓர் இடமும் அரை மில்லி அலுமினியமும்

தாரணி நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்க்ரூவின் எடையையும் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

காலை பத்து மணி இருக்கும். கணபதிப் பகுதியில் இருக்கும் என் பட்டறையில், எண்ணெய் வாடைக்கு நடுவே, காலி டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைக் காட்டினால் "இருக்கட்டுங்ணா" என்று மறுத்துவிடுவாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. நாலைந்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

அவள் செய்திருந்த சின்னச் செயற்கைக்கோள் நாலு கிலோவுக்குள் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் மாட்டி முடித்துத் தராசில் வைத்தபோது நூற்றுப் பத்து கிராம் கூடுதலாக இருந்தது. அந்த நூற்றுப் பத்து கிராம் எங்கிருந்து வந்தது என்றுதான் தேடிக்கொண்டிருந்தாள். குறைக்காவிட்டால் ராக்கெட்டில் அவளுக்குக் கிடைத்திருந்த இடம் போய்விடும்.

"ஸ்க்ரூ எல்லாத்தையும் மறுக்கா நிறுத்துப் பாத்துட்டேனுங்ணா. அதுல தப்பில்லை. எங்கியோ நான்தான் கணக்கத் தப்பாக் கூட்டிப்போட்டேன்" என்றாள்.

அவள் தப்பாகக் கூட்டவில்லை. அந்த எடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் என்னை நல்லவனாகக் காட்டும் சமாசாரங்கள் என்று என் மனைவி சொல்கிறாள். போன வாரம் வந்ததைப் படித்துவிட்டு, "உங்களாட்டம் ஒரு மனுசன நான் பாத்ததே இல்லீங்க" என்று குத்தலாகச் சொன்னாள். இந்த வாரம் அவள் வாயை அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கையில் எடுத்தால் கனக்க வேண்டும்

இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. மோட்டார் பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பது என் தொழில். இரண்டு கம்ப்யூட்டர் மெஷின், மூன்று பழைய லேத், ஆறு ஆட்கள். அவர்களில் மூத்தவர் அன்வர் பாய், கோட்டைமேட்டுக்காரர். நான் கத்துகிற கத்தலுக்கு மற்ற ஐந்து பேரும் முகம் வாடுவார்கள். பாய் மட்டும் மெஷினைப் பார்த்தபடியே நிற்பார்.

எங்கள் ஊரில் பம்ப் விற்கும் கடை ஏதாவது ஒன்றில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சத்தியமங்கலத்திலிருந்தோ கொடுமுடியிலிருந்தோ வந்த விவசாயி, எத்தனை குதிரைத் திறன், எவ்வளவு கரன்ட் இழுக்கும் என்பதையெல்லாம் அப்புறம்தான் கேட்பார். முதலில் பம்பை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் முகம் தெளியும். கனக்காவிட்டால், "என்னங்க, தக்கையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அதனால் எங்கள் பட்டறைகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வரைபடத்தில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே போகலாம் என்று இருந்தால், தடிமன் கூடுகிற பக்கம்தான் போக வேண்டும். "கொஞ்சம் சதை விட்டு ஓட்டு" என்போம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பட்டறை போட்ட புதிதில் ஒரு கம்பெனிக்குச் சரக்கு அனுப்பினேன். அளவெல்லாம் வரைபடப்படி சரி. ஆனால் அனுமதித்ததில் ஆகக் குறைந்த தடிமன். அந்த முதலாளி ஒன்றைக் கையில் எடுத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால், "ஏனுங்க, இரும்பு வெல ரொம்ப ஏறிப்போச்சுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த மரியாதை இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு என் பட்டறையிலிருந்து லேசான சாமான் எதுவும் வெளியே போனதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரே வண்டியில் பல பேர்

தாரணி பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். தென்னை விவசாயக் குடும்பம். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள் அதை விட்டுவிட்டு, இரண்டு கூட்டாளிகளோடு பீளமேட்டில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துச் செயற்கைக்கோள் செய்ய உட்கார்ந்தாள். யாரோ வழிகாட்ட, ராக்கெட் பொருளைக் கடைந்து தர முடியுமா என்று கேட்டு என் பட்டறைக்கு வந்தாள். நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். தோப்புகளில் மண்ணுக்குள் கருவி புதைத்து வைத்தால் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். ஆனால் செல்போன் டவர் எட்டாத தோப்புகள் நிறைய. அங்கே இருக்கும் கருவி சொல்வதை மேலே இருந்தபடி வாங்கி, கீழே இவர்களுக்கு அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். செருப்பு டப்பாவைக் கொஞ்சம் ஒல்லியாக்கி நீட்டினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அந்தப் பெட்டி.

இவ்வளவு சின்னதுக்காகத் தனியாக ஒரு ராக்கெட் விடுவார்களா என்று கேட்டேன். விட மாட்டார்கள், ஒரு பெரிய செயற்கைக்கோள் போகும்போது மிச்சமிருக்கும் இடத்தில் சின்னப் பெட்டிகள் பலவற்றையும் சேர்த்து ஏற்றிக்கொள்வார்கள் என்றாள். இதற்கென்றே இடம் பிடித்துக் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. ஸ்பிரிங் வைத்த கூடுகளுக்குள் பெட்டிகளை அடைத்துக் கொண்டுபோய், மேலே போனதும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிடுவார்கள்.

உக்கடத்தில் பார்சல் லாரிக்காரர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது உடனே பிடிபட்டது. நம் பத்துப் பெட்டிக்காக லாரி கிளம்பாது, லோடு சேர்ந்தால்தான் கிளம்பும். ஒரே ஒரு வித்தியாசம், லாரிக்காரரிடம் கெஞ்சினால் இன்னொரு மூட்டையை ஓரமாகச் செருகிக்கொள்வார். ராக்கெட்டில் அந்தப் பேச்சே கிடையாது. யார் எவ்வளவு எடை என்று முன்னாலேயே எழுதி வாங்கி, அதை வைத்துத்தான் வண்டி போகிற பாதையையே கணக்குப் போடுகிறார்கள்.

இதற்கு முன்னால் ஒருமுறை அவளுக்கு இடம் கிடைத்து, பெரிய செயற்கைக்கோள்காரர்கள் பின்வாங்கியதால் அந்தப் பயணமே நின்றுபோயிருந்தது. இது இரண்டாவது இடம். இதுவும் தவறினால் கூட்டாளிகள் இருவரும் பழையபடி வேலைக்குப் போய்விடுவார்கள். ஒருவருக்கு வீட்டில் கைக்குழந்தை, இன்னொருவருக்குக் கல்யாணப் பேச்சு. இதையும் என்னிடம் சொல்லியிருந்தாள். எல்லாம் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்

பெட்டியின் வெளிச்சட்டத்தை முழு அலுமினியக் கட்டையிலிருந்து குடைந்து எடுக்க வேண்டும். சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். முதலில் பரிசோதனைக்கு ஒன்று செய்தோம், அச்சு அசலாக வரைபடப்படி.

முடித்து வாங்கி, பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே அமுங்கி வெளியே வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதைப் போய் என் பட்டறைப் பொருள் என்று எப்படிக் கொடுப்பது? ஆனால் தாரணி வந்து தராசில் வைத்துப் பார்த்தாள், வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாள், ரொம்ப சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்து, மேலே போகப்போகும் நிஜச் சட்டத்துக்கு ஆர்டர் கொடுத்தாள். வரைபடத்தில் மாற்றம் ஏதும் இல்லை. மெஷினில் புரோகிராம் ஏற்றிக்கொண்டிருந்த அன்வர் பாயிடம், சுவரை இரண்டு மில்லியாக விடச் சொன்னேன்.

பாய் திரும்பிப் பார்த்தார். டிராயிங்கில் ஒன்றரைதான் இருக்கிறது என்றார். உள்பக்கம்தானே கூடப்போகிறது, வெளியளவு மாறாது, கூட்டுக்குள் சரியாக நுழையும், உறுதியாக இருக்கட்டும் என்றேன்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்க" என்றார் பாய்.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லும்" என்றேன்.

இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேறு வேண்டியதில்லை. நல்லது செய்கிறோம் என்று முழுதாக நம்பினேன். பின்னால் அவளே தெரிந்துகொண்டு, 'அண்ணன் கையில் கொடுத்தது நல்லதாகப் போயிற்று' என்று சொல்லுவாள் என்றுகூடக் கற்பனை செய்துவைத்திருந்தேன்.

இரண்டாவது சட்டத்தை அவள் வெர்னியர் வைத்து வெளியே மட்டும் அளந்தாள். தராசில் வைக்கவில்லை. அதே பட்டறை, அதே வரைபடம், முதல் சட்டத்தின் எடையையே நோட்டில் எழுதிக்கொண்டாள். என் மேல் இருந்த நம்பிக்கையில்தான் அப்படிச் செய்தாள்.

ஒன்பது நாள்

டின் மேல் உட்கார்ந்து அவள் நோட்டை வாசித்த அந்தக் காலைக்கு வருகிறேன்.

அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் பெங்களூரில் ஒரு சோதனைக்கூடத்தில் அவளுக்குத் தேதி கிடைத்திருந்தது. ராக்கெட் போகும்போது ஏற்படும் குலுக்கலை அங்கே மெஷினில் வைத்துக் கொடுப்பார்கள். அதில் தேறிய சான்று இருந்தால்தான் பெட்டியை ஏற்றுவார்கள். அந்தத் தேதியை விட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்து. அதற்குள் பெட்டியை ஒப்படைக்கும் கெடு முடிந்துவிடும்.

பன்னிரண்டு நாள் போதும். பெட்டியைப் பிரிக்க இரண்டு நாள், சட்டத்தை உள்ளே அரை மில்லி குடைய ஒரு நாள், மறுபடி மாட்டி, பசை உலர்ந்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐந்து நாள். வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

சொல்லவில்லை. காரணம் என்னவென்று இத்தனை நாள் கழித்தும் யோசித்துப் பார்க்கிறேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. முப்பது வருஷமாகப் பட்டறை நடத்துகிறவன், ஒரு சின்னப் பெண் கொடுத்த வரைபடத்தை அவளைக் கேட்காமல் மாற்றினான் என்று ஊரில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். கூடவே ஒரு நப்பாசை. வேறு எங்காவது குறைத்துச் சரிக்கட்டிவிடுவாள், யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன்.

அவளும் குறைத்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலமானால் நானே போன் போட்டு, இன்றைக்கு எத்தனை கிராம் குறைந்தது என்று கேட்பேன். ஒயரை நறுக்கியதில் பதினொன்று என்பாள். பசையைச் சுரண்டியதில் ஆறு என்பாள். நானும் பெட்டிக்காக உயிரை விடுகிறவன் போல, "அப்பிடித்தான் கண்ணு, கொறஞ்சுரும்" என்பேன். போனை வைத்த பிறகு சோறு இறங்கும். அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் அன்வர் பாய் என்னிடம் வந்து, அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். உன் வேலையைப் பார் என்று கத்தினேன். போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் பாய் மறுபடி வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இன்னிக்கு நீங்க சொல்லலீன்னா, நாஞ் சொல்லிப்போடுவேனுங்க."

பதில் சொல்வதற்குள் தாரணியிடமிருந்து போன். பெட்டியில் சின்னதாக ஒரு கேமரா வைத்திருந்தாள். ஈரம் அளக்கிற வேலைக்கு அது தேவையே இல்லை. மேலே இருந்து பொள்ளாச்சிப் பக்கத்தை ஒரு படம் எடுத்து அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று வைத்தது. மகள் செய்கிற வேலையில் அவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

"கேமராவையும் கழட்டிப்போட்டேனுங்ணா. அப்பவும் இருவது கிராம் நிக்குது. இனி எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்ணா."

சொன்னேன். சுவர் இரண்டு மில்லி என்று சொன்னேன். நான்தான் விடச் சொன்னேன் என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், "உள்பக்கமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மூன்று நாள்தான் இருந்தது. அன்வர் பாய் பீளமேட்டுக்குப் போய் அந்த மூன்று பேரோடு உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். ஒட்டியிருந்த மின்சுற்றுப் பலகைகள் உடையாமல் கழன்று வரவே இரண்டு நாள் ஆனது. சட்டம் பட்டறைக்கு வந்து, குடைந்து, திரும்பிப் போனபோது சோதனைத் தேதி முடிந்திருந்தது. இடம் பிடித்துக் கொடுத்த கம்பெனிக்காரர்களிடம் அவள் மன்றாடிப் பார்த்தாள். அவர்களும் நல்லவிதமாகத்தான் பேசினார்களாம். சான்று இல்லாமல் ஏற்ற முடியாது என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

அவள் கொண்டுவந்த இரண்டாவது வரைபடம்

ஒரு வாரம் கழித்து தாரணி பட்டறைக்கு வந்தாள். திட்டுவதற்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, அதற்குத் தயாராக எழுந்து நின்றேன். அவள் ஒரு தாளை மேஜை மேல் வைத்தாள்.

ஏற்கெனவே பதிவு செய்த ஆள் வரவில்லை என்றால் ராக்கெட்டில் அந்த இடத்தைக் காலியாக விட மாட்டார்கள். எடைக் கணக்கு கெட்டுவிடும். அதே அளவில், அதே எடையில் ஓர் உலோகக் கட்டையைச் செய்து, அதைக் கூட்டுக்குள் அடைத்து அனுப்புவார்கள். இடம் எடுத்தவர்தான் அதைச் செய்துதர வேண்டும் என்பது ஒப்பந்தம். அது கூட்டை விட்டு வெளியே வராது, எதையும் அளக்காது, யாரோடும் பேசாது. எடைக்கு எடை, அவ்வளவுதான் அதன் வேலை.

"நாலு கிலோவுக்கு ஒரு கட்ட வேணுமுங்ணா. இதையும் நீங்களே பண்ணிக் குடுத்துருங்க" என்றாள்.

ஏன் என்னிடம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த அளவுக்கு அலுமினியக் கட்டையை முழுதாக விட்டால் ஒன்பது கிலோவுக்கு மேல் வரும். நடுவில் குடைந்து குடைந்து நாலுக்குக் கொண்டுவர வேண்டும். அதை நானே மெஷினில் நின்று செய்தேன். கொஞ்சம் குடைவேன், கழற்றித் தராசில் வைப்பேன், மறுபடி மாட்டுவேன். கடைசி இருபது கிராமுக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. தராசு நாலு கிலோவில் நின்றபோது எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. என் வாழ்நாளில் நான் செய்த அத்தனை சாமானிலும் அளவு பிசகாமல் வந்தது அதுதான், நான் வெறுத்ததும் அதைத்தான்.

பாய் அதைத் துடைத்துப் பையில் போட்டு மூடினார். அந்த வாரமே கூட்டாளிகள் இருவரும் வேலைக்குக் கிளம்பிப் போனார்கள்.

பெயர் சொல்லும் நேரம்

ராக்கெட் போன அன்று காலை தாரணி பட்டறைக்கு வந்தாள். பீளமேட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்றாள். ஊருக்குப் போனால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். கணினியில் நேரலை போட்டோம். மெஷின்களை நிறுத்தினோம்.

என் பட்டறைச் சாமான் ராக்கெட்டில் போகிறது என்று அக்கம்பக்கத்தில் எப்படியோ பரவியிருந்தது. பக்கத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்காரர் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். எதிர் லேத்துக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டை என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.

ராக்கெட் நன்றாகவே போனது. பெரிய செயற்கைக்கோள் பிரிந்ததும் கைதட்டல். அதன் பிறகு சின்னப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வெளியே விட்டார்கள். ஏதோ ஒரு கல்லூரி, ஏதோ ஒரு வெளிநாடு என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. தாரணி முன்னால் குனிந்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறாவது பெயருக்குப் பிறகு, அவளுடையதாக இருந்திருக்க வேண்டிய ஏழாவதைச் சொல்லாமல் எட்டாவதைச் சொன்னார்கள்.

"உங்களுது எப்பொங்க உடுவாங்க?" என்று பவுண்டரிக்காரர் என்னிடம் கேட்டார்.

தாரணிதான் பதில் சொன்னாள்.

"அது அங்கியேதானுங்க இருக்கும். வெளிய தள்ள மாட்டாங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லி, அவர் நீட்டிய டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அவளும் பையை எடுத்தாள். அன்வர் பாய் மெஷினைப் போடப் போயிருந்தார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று, அந்த அரை மில்லியைப் பற்றி ஏதோ தொடங்கினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அரை மில்லிய நான் அன்னிக்கே உட்டுட்டேனுங்ணா. நானும் தராசுல வெக்காம எடுத்துட்டுப் போனேன். நல்லதுன்னு நெனச்சுத்தான பண்ணுனீங்க." பையைத் தோளில் மாட்டினாள். "ஆனா அதுக்கப்பறம் தெனமும் நீங்களே போன் பண்ணி, எத்தன கிராம் கொறஞ்சுதுன்னு கேட்டீங்க பாருங்க. அதத்தான் என்னால உட முடியலீங்ணா."

அவள் படியிறங்கி வண்டியை எடுத்தாள்.

அவளுக்கு இப்போது வேறொரு ராக்கெட்டில் இடம் கிடைத்திருக்கிறதாம், புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்களாம். அன்வர் பாயிடம்தான் பேசுகிறாள். பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உதவி செய்துவிட்டு வருகிறார். திங்கட்கிழமை காலையில் வேலை எப்படிப் போகிறது என்று அவரே சொல்வார். நான் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை கிராம் என்று மட்டும் கேட்பதில்லை.